மேட்சிங் அக்காவின் கண்

சிவகாசியில் ஜாக்கெட் துணி எடுக்கப் போகிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரர் எடுத்துப் போட்ட துணியைச் சேலையின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பிடித்து, தெருவோடு போகிற யாராவது ஒரு பெண்ணை நிறுத்தி, "கொஞ்சம் பாருங்க மதினி, ஒத்துப் போகுதா?" என்று கேட்பார்கள். அந்த மதினியும் பஸ்ஸுக்கு நேரமாவதை மறந்துவிட்டு நின்று நிதானமாகப் பார்த்துச் சொல்லுவாள். கடை விளக்கை நம்பி ஜாக்கெட் துணி எடுக்கிற பெண் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

ஒரே ஒரு கடை மட்டும் விலக்கு. கீழ ரத வீதியிலிருந்து பிரிகிற சந்தில், ஊக்கு பட்டன் கடைக்கும் வேலுச்சாமியின் தையல் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கும் ஜெனிட்டா மேட்சிங் சென்டர். அங்கே துணியை வாசலுக்கு எடுத்துப் போக முடியாது. கடைக்கார அம்மாள் ஞானதீபம் விடமாட்டாள். விவரம் தெரியாமல் யாராவது புதிதாக வந்தவள் சேலையும் துணியுமாக இரண்டு எட்டு வைத்தால் போதும்.

"வெயில்ல வச்சுத்தான் பாக்கணும்னா சூரியன்கிட்டயே துணி எடுத்துக்கோ தாயி. இங்கன எதுக்கு வந்த?"

போனவள் திரும்பி வந்துவிடுவாள். வீட்டுக்குப் போகிற வழியில் திருட்டுத்தனமாகப் பையைத் திறந்து வெயிலில் பார்ப்பாள். சேலை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் வேறு கடைக்குப் போகமாட்டாள். தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வருவாள். ஞானதீபத்துக்கு 'மேட்சிங் அக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். வந்தவள் பையிலிருந்து சேலையை முழுசாக எடுக்கக்கூட வேண்டாம். முந்தி ஒரு சாண் வெளியே தெரிந்தால் போதும். ஞானதீபம் அதை ஒரு பார்வை பார்ப்பாள், திரும்புவாள், விரலை நீட்டுவாள். "மூணாவது தட்டு, வலது பக்கம், ஏளாவது." அவள் கணவர் பால்துரை ஸ்டூலில் ஏறி அதை உருவிப் போடுவார். அதோடு முடிந்தது. வேறு துணி எடுத்துக் காட்டுகிற பேச்சே கிடையாது. "இன்னொண்ணு காமிங்க" என்று கேட்டவர்களை அவள் பார்க்கும் பார்வை, கல்யாண வீட்டில் 'வேற மாப்பிள்ளை இருக்கா' என்று கேட்டவர்களைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஊரில் நிறத்துக்கு ஆளுக்கொரு பாஷை. வியாபாரக் குடும்பத்துப் பெண்கள் ஆனந்தா ப்ளூ, ராணி பிங்க் என்பார்கள். நர்சுகளும் டீச்சர்களும், "லைட்டா இருக்கணும்க்கா, ஆனா ரொம்ப லைட்டா இருக்கக் கூடாது" என்பார்கள். பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் கேட்பதுதான் தனி ரகம். "புஸ்வாணம் உச்சிக்குப் போயி விளுறப்ப கடைசியா ஒரு பச்சை வரும்லக்கா, அது." அந்தப் பச்சையையும் ஞானதீபம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். செல்போனில் சேலைப் படத்தைக் காட்டித் துணி கேட்பவர்களுக்கு மட்டும் அவளிடம் ஒன்றும் கிடைக்காது. "போனுக்கா ஜாக்கெட் தைக்கப் போற? சேலை வந்து சேரட்டும், அப்புறம் வா."

அவள் பிறந்தது சாத்தூரில். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. இருபத்துமூன்று வயதில், சிவகாசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்த பால்துரைக்கு வாழ்க்கைப்பட்டாள். சர்ச்சில் பாடகர் குழுப் பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் சேலை எடுத்த வருஷம், ஜாக்கெட் துணி வாங்க விருதுநகருக்கு இவளைத் தனியாக அனுப்பினார்கள். கிளம்புகிற அவசரத்தில் சேலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கடையில் நின்று கண்ணை மூடி யோசித்து, ஒரு கட்டைக் காட்டி, "இதைக் கிளிங்க" என்றாள். கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் நூல் பிசகவில்லை. அன்றைக்கு ஆயரின் மனைவி சும்மா சிரித்துக்கொண்டே, "நீ ஒரு கடை போடலாம் ஞானம்" என்றார்கள். சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். கேட்டவள் மறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் கடை போட்டுவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் அந்தக் கடையும் அவள் கண்ணும் ஒன்றாகவே ஓடின. பால்துரை ரிட்டையரானதும் கடைக்கு வந்து சேர்ந்தார். ஸ்டூலில் ஏறுவது, அளப்பது, வெட்டுவது, பேப்பரில் சுற்றுவது அவர் வேலை. நிறத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் ஓயாமல் பேசியே களைத்துப்போன மனிதர் அவர். இந்த ஏற்பாடு அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

சிக்கல் முதலில் பல்ப் வடிவத்தில் வந்தது.

"இந்த எல்இடி வந்ததுலருந்து கலரே செத்துப் போச்சு" என்றாள் ஒரு நாள். பால்துரை பல்பை மாற்றினார். ஒரு மாதம் கழித்து, இதுவும் சரியில்லை, மஞ்சள் அடிக்கிறது என்றாள். மறுபடி மாற்றினார். மூன்றாவது தடவை எலெக்ட்ரிக் கடைக்காரரே, "சார், இதுக்கு மேல வெள்ளையா வெளிச்சம் வேணும்னா வெல்டிங் பட்டறைக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு நம்பர் எழுதுகிற பலகையையும் அவள் குறை சொன்னாள். சுண்ணாம்பில் எழுதுகிறார்களா தண்ணீரில் எழுதுகிறார்களா என்று கேட்டாள்.

அடுத்தது பால்துரையின் சட்டைகள். அவர் ஆயுசுக்கும் வெள்ளைச் சட்டைதான் போட்டவர். "சட்டையெல்லாம் பளுத்துப்போயிக் கெடக்கு. என்ன சோப்பு போடுறாளோ வேலைக்காரி" என்று சொல்லி ஞானதீபம் அவற்றைத் தானே துவைக்க ஆரம்பித்தாள். கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விடுவாள். அவள் கண்ணுக்கு மஞ்சள் போகவில்லை. நான்கு சொட்டு விட்டாள். பிறகு ஒரு மூடி. ஆறு மாதத்தில் பால்துரை கழுத்து முதல் இடுப்பு வரை ஆகாயம் மாதிரி ஆகிவிட்டார். சர்ச் வாசலில் பழைய சக வாத்தியார் ஒருவர், "என்ன சார், செக்யூரிட்டி வேலையில சேர்ந்துட்டீகளா? ஏர்ஃபோர்ஸா?" என்று கேட்டார். பால்துரை சிரித்துவிட்டு நகர்ந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் அவள் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையை வாங்கி, "நல்லா வெளுத்திருக்கு" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். இந்த மாதிரிப் புருஷனை வைத்துக்கொண்டு ஒரு மனுஷிக்குத் தன் கண் கெட்டது எப்படித் தெரியும்?

கண்டுபிடித்தது மகள் ஜெனிட்டா. மதுரையில் நர்சாக இருக்கிறாள். லீவில் வந்தவள் கொடியில் காய்கிற சட்டைகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை விளுந்திருக்கும்மா. வலது கண்ணு நல்லாவே முத்திருச்சு. காமணி நேர ஆபரேஷன். வாங்க போயிருவோம்."

"எனக்கு ஒண்ணுமில்ல. வெளிச்சந்தான் சரியில்ல."

ஞானதீபம் ஊசிக்கும் கத்திக்கும் பயப்படுகிறவள் இல்லை. அவள் பயம் வேறு. பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி ஆபரேஷன் முடிந்து வந்து, "ஏயப்பா, எல்லாக் கலரும் மாறிப் போச்சு. வீட்டுச் சுவரையே எனக்கு அடையாளம் தெரியல" என்று சொன்னதைக் காதால் கேட்டிருந்தாள். சொன்னவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஞானதீபம் தன் கடையை நினைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாகத் தலைக்குள் அடுக்கி வைத்திருக்கிற நிறமெல்லாம் ஒரே நாளில் இடம் மாறிவிட்டால் நாளைக்கு எதை வைத்துக் கடையைத் திறப்பது? அவளிடம் வேறு படிப்பில்லை, வேறு தொழிலில்லை. அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் அவள் வெறும் ஞானதீபம். இதைத் தட்டுத் தடுமாறி மகளிடம் சொன்னாள்.

"இப்ப நீங்க பாக்கிறதுதாம்மா மாறிப்போன கலரு" என்றாள் ஜெனிட்டா.

"வாயை மூடு. கடைக்கு வந்து பாரு, ஒரு துணி தப்பாக் குடுத்திருக்கனான்னு கேட்டுப் பாரு."

ஜெனிட்டா மதுரைக்குப் போய்விட்டாள். பேச்சு அதோடு நின்றது.

ஆடி மாதம் பாண்டிச்செல்வி வந்தாள். அவள் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் வேலை பார்க்கிறவள். அந்த ரூமில் இருபத்திரண்டு பெண்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகிறார்கள். போகிறபோது எல்லோரும் ஒரே சேலை கட்ட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. இப்போது எந்தக் கோயில் கூட்டத்தைப் பார்த்தாலும் அப்படித்தானே இருக்கிறது? கத்தரிப்பூ நிறத்தில், கடுகு நிற பார்டர் போட்ட சேலை. சேலையோடு ஜாக்கெட் துணி வரவில்லை.

"இருவத்திரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேணும்க்கா. நூல் பெசகக் கூடாது. நீங்க இருக்கீகன்ற தைரியத்துலதான் ஜாக்கெட் இல்லாத சேலையா எடுத்தோம்."

சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆட்கள். பாண்டிச்செல்வியோடு ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஞானதீபம் சேலையை வாங்கினாள். எப்போதும் போல ஒரு பார்வையில் முடியவில்லை. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். திருப்பினாள். இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிறகு விரலை நீட்டினாள்.

"அஞ்சாவது தட்டு. இடது பக்கம் கடைசிக் கட்டு. அப்படியே எறக்குங்க."

பால்துரை இறக்கினார். சேலையின் மேல் வைத்தார். ஒரு விநாடி மனைவியைப் பார்த்தார். பிறகு கத்திரியை எடுத்து, ஒவ்வொன்றாக இருபத்திரண்டு துணி வெட்டிப் பேப்பரில் சுற்றினார். பாண்டிச்செல்வியும் பார்த்தாள். அவள் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. இந்தக் கடையில் யார் பேசுவது? வாங்கிக்கொண்டு, "வாரோம்க்கா" என்று போனார்கள்.

ஆடி வெள்ளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சொர்ணலட்சுமி காரில் வந்து இறங்கினாள். பிரஸ் வைத்து காலண்டர் அடிக்கிற குடும்பம். மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரே சேலை எடுத்திருந்தாள்.

"அக்கா, எனக்கு மேட்சிங் வேண்டாம். அந்தக் கம்பெனிக்காரிகளுக்கு வச்சுக் குடுத்தீகளே, அது மாதிரி வேணும். எங்க பிரஸ்ல வேலை பாக்கிற புள்ள அவ அக்கா போட்டோவை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தா. கத்தரிப்பூச் சேலைக்குக் கருநீல ஜாக்கெட்! என்னா எடுப்பு! இந்த வயசுலயும் உங்களுக்கு எம்புட்டு ஐடியாக்கா!"

ஞானதீபத்தின் கை தட்டில் இருந்த துணிக்கட்டின் மேல் அப்படியே நின்றது.

"கருநீலமா?" என்றாள்.

"ஆமா, கான்ட்ராஸ்ட். ஊரே அதைத்தான் பேசுது."

"ம்" என்றாள் ஞானதீபம். "சேலையை வச்சுட்டுப் போங்க. திங்கக்கிளமை வாங்க."

அவள் கொடுத்தது கத்தரிப்பூ. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லுவாள். அந்தக் கட்டை அந்தத் தட்டில் வைத்தவளே அவள்தான். சொர்ணலட்சுமியின் கார் கிளம்பியதும் நேரே பக்கத்துக் கடைக்குப் போனாள். வேலுச்சாமி மிஷினில் உட்கார்ந்திருந்தான். அந்த இருபத்திரண்டு ஜாக்கெட்டையும் தைத்தது அவன்தான்.

"வேலு, இருக்கன்குடிக்குப் போனவளுக ஜாக்கெட்டுல மிச்சம் விளுந்த துண்டு கெடக்கா?"

வேலுச்சாமி மிஷினை நிறுத்தவில்லை. "அது எதுக்குக்கா? கூட்டித் தள்ளியாச்சு."

"அது என்ன கலருலே?"

"கான்ட்ராஸ்டுக்கா. இப்ப அதான் போகுது." தலையைத் தூக்காமலே சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. தீபாவளிக்கு முதல் நாள், "தைச்சு முடிச்சாச்சு, பட்டன்தான் பாக்கி" என்று எல்லாத் தையல்காரர்களும் சொல்லும் பொய்யைக்கூட அவன் திக்கித்தான் சொல்லுவான். ஞானதீபம் குனிந்து, மிஷினுக்கு அடியில் இருந்த சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினாள். விரல் அகலத்தில் ஒரு துண்டு அகப்பட்டது. அது தன் துணிதான் என்று கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைக்கு வந்து அதைக் கல்லாவின் மேல் வைத்தாள். பால்துரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன கலரு?"

முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"நீலம்."

"என்ன நீலம்?"

"கருநீலம், ஞானம்."

"வெட்டும்போது தெரிஞ்சுதா?"

"நீ கான்ட்ராஸ்டா வைக்கிறயோன்னு நெனச்சேன்."

"பொய்."

அவர் பேப்பரை மடித்தார். "மொதத் துணி வெட்டும்போதே தெரியும். சொல்ல வாயெடுத்தேன். கடை நெறைய ஆளுக. அம்புட்டுப் பேரு முன்னாடி எப்படிச் சொல்ல?"

"அதனால இருவத்திரண்டு தடவை வாயை மூடிக்கிட்டு வெட்டினீகளாக்கும்?"

அவர் மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். ஞானதீபம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போட்டிருக்கிற சட்டை என்ன கலரு?"

"வெள்ளை" என்றார் பால்துரை.

"கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "கொஞ்சம் நீலம்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் நீலச் சட்டையோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை தன் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் ஆசையும் ஆத்திரமும் ஒரே சமயத்தில் பொங்கின. அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம்தான் நெடுநேரம் இருந்தது.

தப்பு யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளை அரித்தது. கான்ட்ராஸ்ட் என்று ஊர் பேசிக்கொள்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் பெயர் போகாது, கூடத்தான் செய்யும். சொர்ணலட்சுமி ஒருத்திக்குக் கொடுத்தால் அவளைப் பார்த்துப் பத்துப் பேர் வருவார்கள். கண் தெரியாதவள் கையில் எந்தத் துணி அகப்பட்டாலும் அதற்குக் கான்ட்ராஸ்ட் என்று பெயர் வைத்துவிடலாம். எவ்வளவு சுலபம்! ஆனால் பாண்டிச்செல்வி, "நீங்க இருக்கீகன்ற தைரியத்துல" என்று சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையை அவளால் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனிப் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள். அன்று காலையிலேயே ஞானதீபம் அந்த ஐந்தாவது தட்டைக் காலி செய்து, பால்துரையை உட்கார்த்தி வைத்து, ஒவ்வொரு கட்டாகக் காட்டி நிறம் கேட்டாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். நீலமும் கத்தரிப்பூவும் கறுப்பும் அந்தத் தட்டில் கலந்து கிடந்தன. அடுக்கியது அவள் கைதான். உண்மையான கத்தரிப்பூக் கட்டை எடுத்து இருபத்திரண்டு துணி வெட்டி வைத்தார்கள்.

சாயங்காலம் பாண்டிச்செல்வி சந்துக்குள் நுழைந்ததுமே கூப்பிட்டாள். அவளோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். டீச்சர் ஒருத்தி, கைக்குழந்தையோடு ஒரு பெண். பால்துரை கண்ணால், "அப்புறமாப் பேசலாமே" என்று ஜாடை காட்டினார். அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நின்றிருக்கமாட்டாள்.

"பாண்டிச்செல்வி, அது கான்ட்ராஸ்ட் இல்ல. நான் கத்தரிப்பூன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். என் கண்ணு கெட்டுப்போச்சு. ஊரறிய உங்களை அப்படிக் கோயிலுக்கு அனுப்பிட்டேன். இந்தா, இருவத்திரண்டும் சரியான துணி. தையக்கூலியும் நானே குடுத்துர்றேன்னு வேலுகிட்டச் சொல்லிட்டேன். கொண்டுபோங்க."

டீச்சர் தன் கையிலிருந்த துணியை மெதுவாகக் கல்லாவின் மேல் வைத்தாள். பாண்டிச்செல்வி பின்னால் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இவளைப் பார்த்தார்கள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா" என்றாள் பாண்டிச்செல்வி.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீங்க சேலையை மூஞ்சிக்குக் கிட்டக் கொண்டுபோயி, கொண்டுபோயிப் பாத்தீக. சாரு கட்டை எறக்கி வைக்கவுமே எங்களுக்கு வெளங்கிருச்சு. அப்படியே கம்பெனி வேனுக்குப் போயி எல்லாரும் பேசினோம். கான்ட்ராஸ்டுன்னு சொல்லிக்கிருவோம்னு முடிவு பண்ணுனோம். வேலு அண்ணன்கிட்டயும் நாந்தான் சொல்லி வச்சேன்."

ஞானதீபத்துக்கு முகம் சிவந்தது. அவமானம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். "இருவத்திரண்டு பேரும் சேர்ந்து என்னையக் கோட்டி புடிச்சவளா ஆக்கிட்டீகளாக்கும்? மாத்திக் குடுன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? நான் கடிச்சா திங்கப் போறேன்?"

"கேக்குறதுக்குப் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. "அது மட்டுமில்லக்கா. எங்க ரூம்ல ஒரு பளக்கம் உண்டு. லேபிள் ஒட்டுறப்ப யாருக்காச்சும் கண்ணு மங்கிருச்சுன்னா, தலைகீளா ஒட்டிருவாக. அதை வெளிய சொல்ல மாட்டோம். சொன்னா வேலையை விட்டு நிப்பாட்டிருவாக. பக்கத்துல இருக்கிறவ சத்தம் காட்டாமத் திருப்பி வச்சிருவா. ரெண்டு வருசமா எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஓடுச்சு. பக்கத்துல இருந்தவதான் அம்புட்டையும் திருப்பி வச்சா. பெறகு ஆபரேஷன் பண்ணி, இப்ப அவுகதான் மத்தவுகளுக்குத் திருப்பி வைக்காக. உங்களுக்கும் அப்படித்தான் செஞ்சோம். தப்பா நெனச்சிராதீக."

ஞானதீபம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் என்ன உங்கள் ரூமில் லேபிள் ஒட்டுகிறவளா என்றுதான் முதலில் வாயில் வந்தது. அது வெளியே வரவில்லை. அந்த ரூமில், அவளுக்குத் தெரியாமலே, அவளுக்கும் ஒரு இடம் போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு பேர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையில் அவளுடைய தப்பை மேலே போட்டுக்கொண்டு, போட்டோவும் எடுத்து, ஊர் கேட்டபோது சிரித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறார்கள். கடையில் இத்தனை வருஷம் எவ்வளவோ பாராட்டு வாங்கியிருக்கிறாள். எதற்கும் அவள் கண் கலங்கியதில்லை. இப்போது கலங்கியது. கலங்கிய கண்ணில் பாண்டிச்செல்வியின் முகம் ஏற்கனவே மங்கலாக இருந்ததைவிட இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"உங்கம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சப்புறம் கலரு எப்படித் தெரியுதாம்?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"மொத வாரம் ஒரு மாதிரி இருந்துச்சுன்னாக. அப்புறம் பளகிருச்சாம். முன்னாடி மத்தாப்புப் பெட்டியில சிவப்புக் கலருதான் தெரியுமாம். இப்ப அந்த லேபிள் படத்துல இருக்கிற புள்ளையோட கம்மல் கூடத் தெரியுதுன்றாக."

ஞானதீபம் முந்தியால் கண்ணைத் துடைத்தாள். இருபத்திரண்டு துணியையும் பையில் போட்டுப் பாண்டிச்செல்வியின் கையில் திணித்தாள். வேண்டாம் என்று அவள் இழுக்க, இவள் விடவில்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு நாள் கேளுங்க. சொர்ணலட்சுமி அம்மா சேலையைத் திருப்பிக் குடுத்து விட்ருங்க. அந்தத் துணி அட்டை ஒண்ணு எடுங்க. திங்கக்கிளமைலருந்து கடை லீவுன்னு எளுதி வாசல்ல மாட்டணும்."

துணி சுற்றி வருகிற வெள்ளை அட்டை ஒன்றையும் ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொண்டு பால்துரை உட்கார்ந்தார். மூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "காரணம் என்னன்னு எளுத? வெளியூர்னா? வீட்டு விசேஷம்னா?"

"உள்ளதை எளுதுங்க."

அவர் கரும்பலகையில் எழுதிப் பழகிய கையால் எழுதினார். எழுதி முடித்துத் தூக்கிப் பிடித்தார். கம்பெனிப் பெண்களும் டீச்சரும் குழந்தைக்காரியும் சேர்ந்து பார்த்தார்கள். ஞானதீபம் கண்ணைச் சுருக்கினாள். கருப்பாக ஏதோ இருந்தது. அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

"வாசிங்க."

"ஞானதீபத்துக்குக் கண் ஆபரேஷன். கடை இருபது நாள் லீவு."

அவள் அந்த அட்டையை வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இன்னொரு அட்டை எடுத்துப் பெருசா எளுதுங்க" என்றாள். "ரோட்டுல போறவுகளுக்கும் தெரியணும்."